நீலி ஏன் அழுதாள்?



அசாம் லக்சாவில் புளிப்புக்காகப் போடுகிறார்களே, காய்ந்த புளித் துண்டு, அந்தக் காய்க்கு மலாய் மொழியில் அசாம் கெலுகோர் என்று பெயர். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் கெலுகோர் ஊருக்கும் அதே பெயர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டம் இங்கே பரந்து கிடந்தது. இன்று அடுக்குமாடி வீடுகளும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், ஓயாத வாகனங்களும் நிறைந்த ஊர் இது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் பிறையில் புறப்பட்டு, 13.5 கிலோ மீட்டர் ஓடி, கெலுகோரில்தான் கரையேறுகிறது.

பாலத்தைப் பார்த்தால் பொறியாளருக்குத் தூணின் ஆழம் நினைவுக்கு வரும். வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். “பெரிய பாலம் கட்டினால் தலை கேட்கும், பொழுது சாய்ந்தால் வெளியே போகாதே” என்று பிள்ளைகளை மிரட்டிய பேச்சு அது. இந்த வட்டாரத்தில் அது மிகவும் பழைய பேச்சு.

எவ்வளவு பழையது? 1850களில் சிங்கப்பூரில் இப்படி ஒரு வதந்தி தீயாகப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பேய் பிடித்திருக்கிறது, அதைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டும், தலை கொண்டுவர அரசாங்கமே இரவில் ஆள் அனுப்புகிறது என்று மக்கள் நம்பினார்கள். யாரை அனுப்புவதாக நம்பினார்கள் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளை! வெயிலில் கல் சுமந்து ஊருக்குச் சாலையும் கட்டடமும் எழுப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஊர்க் கதையில் அவர்களே தலைவெட்டிகள் ஆனார்கள்.

ஓர் ஊர் பயந்தால், அந்தப் பயத்துக்கு உடனே ஒரு முகம் வேண்டும். பேச ஆளில்லாதவன், நேற்று வந்தவன், ஒதுங்கி வாழ்பவள், இவர்களில் ஒருவருடைய முகம் அதற்குக் கிடைத்துவிடும். மர்மக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பேய் நாயும் கருப்பசாமியும்

கிராமமோ சிறு நகரமோ, அங்கே ஒரு கொலை. கொலைக்குப் பின்னால் ஒரு பழங்கதை. பழங்கதைக்குப் பின்னால் ஊரே மூடி வைத்திருக்கும் ஓர் இரகசியம். உலகம் முழுக்க ஓடுகிற திகில் கதைகளில் பாதிக்கு மேல் இந்த அச்சில் வார்த்தவைதான்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பெற்ற முன்னோடி ஆர்தர் கானன் டாயில் 1901, 1902ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதிய ‘பாஸ்கர்வில் வேட்டை நாய்’. ஒரு ஜமீன் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒரு பேய் நாய் துரத்துவதாக ஊர் நம்புகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் வந்து பார்த்தால், அது உயிருள்ள நாய்தான். இருட்டில் ஒளிரும்படி ரசாயனம் பூசிய நாய். அதை வளர்த்தவனுக்கு வேண்டியது சொத்து. பேய்க் கதை அவனுக்குக் கிடைத்த இலவச முகமூடி.

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ தொடரை மறந்தவர்கள் குறைவு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய தொடர் அது. அதில் ‘விடாது கருப்பு’ பகுதி வந்த வாரங்களில், குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் புகுந்த பிள்ளைகள் எத்தனை பேர்! தப்பு செய்தவனைக் கருப்பசாமியே வந்து தண்டிக்கிறாரா, கருப்பசாமியின் பெயரில் மனிதர் யாரோ தண்டிக்கிறாரா? இந்த ஒரு கேள்வியை வைத்தே தொடர் முழுவதையும் நகர்த்தினார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் 2024ஆம் ஆண்டு நவம்பரில் காலமானார். அந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

சாம்பலூரில் காணாமல் போன பெண்

அதே கேள்வியை இந்தத் தலைமுறைக்குக் கொண்டு வந்தது ‘சுழல்’. புஷ்கர், காயத்ரி தம்பதி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்க, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமேசான் பிரைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. கதை நடக்கும் சாம்பலூர் ஒரு கற்பனை ஊர். மலையோரம், சிமெண்ட் ஆலை, வேலை நிறுத்தம். ஒரே இரவில் ஆலை தீப்பிடிக்கிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலாவும் காணாமல் போகிறாள். அந்த நேரத்தில் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது.

மயானக் கொள்ளை என்பது வடதமிழ்நாட்டில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மனுக்கு எடுக்கும் விழா. மேல்மலையனூர் இதற்குப் பேர்போன தலம். பிரம்மனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளியபோது, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. இடும் உணவையெல்லாம் அதுவே தின்றது. அம்மன் மயானத்தில் உணவை இறைத்தாள். பொறுக்கித் தின்னக் கபாலம் கீழே இறங்கியது. அம்மன் பேருருவம் எடுத்து அதை மிதித்தாள். இதுதான் விழாவின் கதை. அன்று காளி வேடமிட்டவர்கள் சுடுகாட்டை நோக்கி ஆடிக்கொண்டு போவார்கள்.

ஊரே முகத்தில் வண்ணம் பூசி நிற்கும் நாளில், உண்மையான முகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காவல் அதிகாரிகள் ரெஜினாவும் சக்கரையும் தேடத் தேட, ஒவ்வொரு பகுதியிலும் சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. முதலாளியைச் சந்தேகிக்கிறோம், தொழிலாளியைச் சந்தேகிக்கிறோம், காதலைச் சந்தேகிக்கிறோம். முடிவை இங்கே சொன்னால் பார்க்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள். இவ்வளவு சொல்லலாம். தொடர் முடியும்போது, ‘நிலாவை யார் கடத்தினார்கள்’ என்ற கேள்வி சிறிதாகிவிடுகிறது. ‘இத்தனை வருடம் இந்த வீட்டில் யாருமே எதையுமே கவனிக்கவில்லையா’ என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவமும் இதே பாதைதான். கடலோரத்துக் காளிப்பட்டணம், அஷ்டகாளித் திருவிழா, ஒரு மூத்த வழக்கறிஞரின் கொலை. இளம்பெண்கள் எட்டுப் பேர் தனித்தனியாக வந்து ‘நான்தான் கொன்றேன்’ என்கிறார்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் பக்தர்கள் வேடமிட்டு வீடு வீடாகக் காணிக்கை பெறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் களம் புதிதல்ல.

இரண்டு பருவங்களும் பார்ப்பவரிடம் சொல்வது ஒன்றுதான். பிணத்தைக் கண்டவுடன் கொலைகாரனைத் தேடாதே. இந்தப் பிணத்துக்கு முன்னால், கணக்கில் வராமல் போன குற்றம் எது என்று தேடு.

மொழி மறந்த முதல் கொலை

இந்த இடத்தில் பழையனூர் நீலியை அழைக்க வேண்டும்.

‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல் தமிழ் வீடுகளில் தினமும் புழங்குகிறது. பொய்யாக அழுபவளைப் பார்த்துச் சொல்வது. அந்த நீலி யார், ஏன் அழுதாள் என்று கேட்டால் பலருக்குக் கதையின் பின்பாதி மட்டும்தான் தெரியும்.

திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூர். ஒரு வணிகன் அந்த வழியாக வருகிறான். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பின்தொடர்கிறாள். “இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்” என்று ஊர்ச் சபையின் முன் கதறுகிறாள். “இவள் என் மனைவியல்ல, பேய்” என்று அவன் நடுங்குகிறான். சபையில் இருந்த வேளாளர்கள் எழுபது பேர். அழுகிற பெண்ணையும் குழந்தையையும் பார்த்து அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவன் பாதுகாப்புக்கு வைத்திருந்த ஆயுதத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். “உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் உயிர் பொறுப்பு” என்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இது பின்பாதி. முன்பாதி என்ன? ஊருக்கு ஊர் சொல்லும் விதம் மாறினாலும், பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் ஒரு செய்தி உண்டு. முற்பிறவியில் அவள் அவனுடைய மனைவி. நம்பிக் கூட வந்தவளை வழியில் கொன்று போட்டவன் அவன். அந்தப் பிறவியில் அவளுக்காகச் சபை கூடவில்லை. சாட்சி இல்லை, தீர்ப்பும் இல்லை.

அவள் செய்தது சரி என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. வாக்குத் தவறாத எழுபது பேரின் சாவு கொடுமைதான். ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுபது பேரின் நேர்மை புராணமாயிற்று. அவளுடைய பொய்க் கண்ணீர் பழமொழியாயிற்று. முதலில் விழுந்த கொலைக்கு மட்டும் தமிழில் ஒரு சொல் பிறக்கவில்லை!

தெய்வமான சாட்சிகள்

நாட்டார் கதைகள் எப்போதும் கொன்றவன் பக்கமே நிற்பதில்லை. ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வங்கள் பலரின் கதையைக் கேட்டால், அநியாயமாகப் போன ஓர் உயிர் அங்கே இருக்கும்.

மலேசியத் தோட்டப்புறங்களில் மதுரை வீரன் சந்நிதி இல்லாத இடம் குறைவு. அவர் யார்? மதுரையில் கொள்ளையரை அடக்கிக் காவல் செய்த வீரன். வெள்ளையம்மாளை நேசித்ததால் அரச கோபத்துக்கு ஆளாகி, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் அந்தணர் குலத்தில் பிறந்து, அருந்ததியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்தவன். மாடு திருட வந்தவர்களோடு போராடி மாண்டவன். இந்தக் கதைப்பாடலை ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை 1971ஆம் ஆண்டு பதிப்பித்தார்.

அரசன் தண்டித்தான். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதே ஊர் குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒரு கல்லை நட்டுப் பொங்கல் வைத்தது. வழக்கேடு எழுதத் தெரியாத காலத்தில், கோயில்தான் வழக்கேடு. பூசாரி சொல்லும் கதைதான் சாட்சி வாக்குமூலம்.

இது தமிழர்களிடம் மட்டும் இருக்கும் வழக்கமல்ல. பினாங்கிலிருந்து குடும்பத்தோடு லங்காவிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மசூரியின் சமாதியைப் பார்க்காமல் வருவதில்லை. கணவன் போருக்குப் போயிருந்த நேரத்தில் மசூரி மீது கள்ளத் தொடர்புப் பழி சுமத்தப்பட்டது. பழி கிளப்பியது ஊர்த் தலைவனின் மனைவி என்றும், காரணம் பொறாமை என்றும் கதை சொல்கிறது. 1819ஆம் ஆண்டு அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதாகச் சொல்வார்கள். கிரீஸ் கத்தி பாய்ந்தபோது வெள்ளை இரத்தம் வந்தது, ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று அவள் சபித்தாள் என்பது நம்பிக்கை. 1821இல் சயாம் படை கெடாவைத் தாக்கியது. லங்காவி அழிந்தது. சாபம் பலித்ததாக மக்கள் நம்பினார்கள்.

வெள்ளை இரத்தம் உண்மையா என்று மருத்துவரிடம் கேட்பதில் பயனில்லை. ‘அவள் குற்றமற்றவள், நாங்கள் தவறு செய்தோம்’ என்பதை நேரடியாகச் சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை. வெள்ளை இரத்தம் என்று சொல்லிவிட்டது. ஆக, பழங்கதை இரண்டு வேலையும் செய்யும். கொன்றவனை மறைக்கவும் செய்யும், கொல்லப்பட்டவளுக்காகப் பேசவும் செய்யும். எந்த வேலையைச் செய்கிறது என்பது, அதை யார் வாயால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பேய் அல்ல, கோடாரி

கதையெல்லாம் இருக்கட்டும், நிஜத்தில் இப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, மலேசியாவே அதிர்ந்து போன ஒரு வழக்கு இருக்கிறது.

1993ஆம் ஆண்டு ஜூலை மாதம். பகாங் மாநிலம், பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் காணாமல் போனார். படித்தவர், செல்வாக்குள்ளவர், மேலும் உயர வேண்டும் என்ற ஆசை உள்ளவர். பாடகியாக இருந்து போமோவாக மாறிய மோனா ஃபெண்டியும், அவள் கணவன் அஃபெண்டியும், உதவியாளன் ஜுரைமியும் அவரிடம் ஒரு சோங்கோக் தொப்பியையும் கைத்தடியையும் பற்றிச் சொன்னார்கள். இந்தோனேசிய அதிபர் சுகார்னோவிடம் இருந்தவையாம். அவற்றை வைத்திருப்பவரை யாராலும் வீழ்த்த முடியாதாம். மஸ்லான் நம்பினார். பெரும் பணம் கைமாறியது. ரவுப் அருகே உள்ள அவர்கள் வீட்டில் நடந்த சடங்கில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள், வானத்திலிருந்து பணம் விழும் என்று. விழுந்தது கோடாரி.

உடல் அந்த வீட்டிலேயே புதைக்கப்பட்டிருந்தது. தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. ஜூரி முறை இந்நாட்டில் ஒழிக்கப்பட்ட காலத்தை ஒட்டி நடந்த கடைசி வழக்குகளுள் ஒன்று அது. 2001ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மூவரும் காஜாங் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இந்த வழக்கின் சாயலில் டாயின் சைட் 2006இல் எடுத்த ‘டுக்குன்’ படம் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 2018ஆம் ஆண்டுதான் திரைக்கு வந்தது.

வழக்கு நடந்த நாட்களில் ஊரெல்லாம் மோனாவின் மந்திர சக்தியைப் பற்றியே பேச்சு. ஆனால் நீதிமன்றம் தேடியது மந்திரத்தை அல்ல. பணம் எங்கே போனது, கோடாரி யார் கையில் இருந்தது என்பதைத்தான். தெய்வ நம்பிக்கை வேறு, பயத்தையும் பேராசையையும் விலை பேசுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத இடத்தில்தான் கொலைகாரனுக்கு வசதி.

நம் வாசலில் என்ன நடக்கிறது?

இப்போது சாம்பலூர் நிலாவிடம் திரும்புவோம். பிள்ளைகளுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? தலைவெட்டி வருவான், பிள்ளை பிடிப்பவன் வருவான் என்று சொல்லியே வளர்க்கிறோம். இந்தியத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், சிறாருக்கு எதிரான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். அந்நியனைக் காட்டிப் பயமுறுத்திய கதை, தெரிந்தவரிடம் பிள்ளையை ஏமாற வைத்துவிடுகிறது.

பிள்ளை ஒருவர் வீட்டுக்குப் போக மறுக்கிறது, ஒருவரைக் கண்டால் ஒளிகிறது, திடீரென்று பேச்சைக் குறைக்கிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? “ஏதோ காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டு” என்கிறோம். துணிந்து வாய் திறந்து சொன்னால், “மாமாவைப் பற்றி இப்படிப் பேசலாமா? நீலிக் கண்ணீர் வடிக்காதே” என்று அடக்குகிறோம். பாருங்கள், அதே சொல்! முதல் குற்றத்தை மறந்துவிட்டு, அழுகிறவளைக் குற்றவாளியாக்கும் அதே பழக்கம்.

சட்டம் இதில் ஊரைவிட ஒரு படி முன்னே போய்விட்டது. மலேசியாவின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தது. இந்தச் சட்டத்தின்படி, பிள்ளையின் சாட்சியத்தை மட்டுமே ஏற்றும் நீதிமன்றம் தண்டனை வழங்கலாம். குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் குற்றம்தான், 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. குடும்ப மானம், ஊர் மானம் என்று மூடி மறைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தகவல் சொல்லவும் உதவி கேட்கவும் தாலியான் காசே அழைப்பு மையம் இருக்கிறது. எண் 15999.

அடுத்த முறை குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு மர்மத் தொடரைப் பார்க்கும்போது, தொலைக்காட்சியை அணைத்த பிறகு பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கதையில் முதலில் அடிபட்டது யார்? யார் மேல் பழி போட்டார்கள்? எல்லாரும் வாயை மூடிக்கொண்டதால் லாபம் யாருக்கு? பதில் சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கதையைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிள்ளை, சில நேரம் தன்னைப் பற்றியும் பேசிவிடும். அப்போது குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

அழுகிற பிள்ளையிடம் “ஏன் பொய் சொல்கிறாய்” என்று கேட்பதற்கு முன்னால், “ஏன் அழுகிறாய்” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், பாதி மர்மம் அங்கேயே உடைந்துவிடும்.